பாட்டு நின்றால் அவுட்

'எனக்குப் பிடித்த விளையாட்டு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதாத பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இருக்க முடியாது. ஆறாம் வகுப்பில் ஒருமுறை, எட்டில் ஒருமுறை, ஒன்பதில் ஒருமுறை. முன்னுரை, விளையாட்டின் தோற்றம், ஆடும் முறை, உடல்நலப் பயன், முடிவுரை. நடுவில் பாரதியின் பாப்பா பாட்டிலிருந்து இரண்டு வரி. தமிழாசிரியையாக இருபது வருடங்களாக இந்தக் கட்டுரைகளைத் திருத்துகிறேன். நோட்ஸில் கபடி இருந்தால் வகுப்பு முழுக்கக் கபடி பிடிக்கும். கிரிக்கெட் இருந்தால் கிரிக்கெட். கபடி என்று எழுதிய பெண்பிள்ளைகளில் ஒருத்தியாவது கபடிக் கோட்டுக்குள் கால் வைத்திருப்பாளா என்று கேட்க மதிப்பெண் பட்டியலில் இடம் கிடையாது.

2025 நவம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு அதே தலைப்பு வந்தது. அந்த மாதம் 2ஆம் தேதிதான் இந்தியப் பெண்கள் அணி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவைத் தோற்கடித்து ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பையை முதன்முறையாக வென்றிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் நம் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அந்த அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அவரை ஊரே திரண்டு வரவேற்ற வீடியோவைப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுச் செல்போனில் பார்த்திருந்தார்கள். இடைவேளையெல்லாம் அதே பேச்சு. ஆனால் கட்டுரை ஏட்டைத் திறந்தால் பழைய முன்னுரை, பழைய முடிவுரை.

ஏட்டை மூடச் சொல்லிவிட்டு ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தேன். இரண்டே கேள்விகள். நீ ஆடுகிறவற்றில் உனக்குப் பிடித்தது எது? நம் பள்ளியில் எந்த விளையாட்டு இருந்தால் ஆடுவாய்? பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா என்று மட்டும் போடு. பெயர் வேண்டாம் என்றதும் சில தலைகள் நிமிர்ந்தன. "எது எழுதுனாலும் சரியா டீச்சர்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். எது எழுதினாலும் சரி என்றேன்.

எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை, இருபாலரும் படிக்கிறார்கள். கட்டடத்தில் விரிசல் இருந்தாலும் மைதானம் பெரியது. அந்த விஷயத்தில் பல நகரத்துத் தனியார் பள்ளிகளைவிட நாங்கள் பணக்காரர்கள். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தான், ஆண். பி.டி. பீரியட் மணி அடித்ததும் பையன்கள் மைதானத்துக்குப் பறப்பார்கள். பெண்கள் கட்டடத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே உள்ள சிமெண்டுத் தரைக்குப் போவார்கள். அங்கே வலை கட்டி வளையப்பந்து. இரண்டு பேரோ நான்கு பேரோ ஆடலாம். மற்றவர்கள் சுவர் நிழலில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைவார்கள், ரிப்பனை அவிழ்த்துச் சடையை மறுபடி மடித்துக் கட்டுவார்கள். இப்படித்தான் பிரிய வேண்டும் என்று எந்த அறிவிப்புப் பலகையிலும் எழுதவில்லை. ஆறாம் வகுப்பில் சேருகிற பெண்பிள்ளை முதல் வாரத்திலேயே தன் எல்லையைத் தெரிந்துகொண்டுவிடுகிறாள்.

வளையப்பந்தை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. மாநில அளவில் ஆடுகிறவர்கள் வளையத்தைப் பிடிக்கிற வேகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த ஆட்டத்தின் வரலாறு கப்பல் தளத்தோடு சேர்ந்தது. கடலில் போகிறவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடியது. கப்பலில் இடம் குறைவு, அதனால் சின்னக் களம், உருண்டோடாத வளையம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று ஏக்கர் மண்தரை காலியாகக் கிடக்கிற பள்ளிக்கூடத்தில் பாதிப்பேரைக் கப்பலில் ஏற்றி வைத்திருப்பதற்கு என்ன நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

அரைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு உட்கார்ந்து படித்தேன்.

பையன்களின் தாள்களில் ஆச்சரியம் அதிகமில்லை. பிடித்தது கிரிக்கெட், அடுத்து வாலிபால், கபடி. வேண்டும் என்று கேட்டது ஸ்டிச் பால், மேட், ஷூ, ஒரு ஜிம். இரண்டு தாள்களை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். ஒருவன், "எனக்கு வளையப்பந்து பிடிக்கும். ஆடினால் கிண்டல் செய்வார்கள்" என்று எழுதியிருந்தான். இன்னொருவனுக்கு எந்த விளையாட்டும் பிடிக்கவில்லை. அந்த நேரம் நூலகத்தைத் திறந்துவிட்டால் போதுமாம். பெரிய மைதானம் கிடைத்தவர்களிலும் அங்கே மூச்சு முட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெண்கள் முதல் கேள்விக்கு எழுதியவை: வளையப்பந்து, எறிபந்து, கேரம், செஸ், பாண்டி, தட்டாங்கல். ஒருத்தி "தம்பிக்கு பௌலிங் போடுவது" என்று எழுதியிருந்தாள். பேட்டிங் பற்றி அதில் பேச்சே இல்லை. ஒருத்தி எழுதியது "வேடிக்கை பார்ப்பது."

இரண்டாவது கேள்வியில் கதை மாறியது. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் கபடி. பிறகு கால்பந்து, கிரிக்கெட், ஒரு சிலம்பம், ஒரு சைக்கிள் ரேஸ். நீச்சல் என்று எழுதிய பெண், "எங்க ஊர் கண்மாயில் பசங்க மட்டும்தான் குதிக்கிறாங்க" என்று காரணத்தையும் சேர்த்திருந்தாள். கால்பந்து எழுதியவர்களிடம் மறுநாள் விசாரித்தேன், எல்லாரும் 'பிகில்' பார்த்தவர்கள். அந்தப் படம் வந்த அதே 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி இந்திய லீக் கோப்பையை வென்றது. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடியிருக்கிறார். இதெல்லாம் சொன்னபோது, "நெசமாவா டீச்சர், படத்துல மட்டும்தான்னு நெனச்சோம்" என்றார்கள்.

என்னை உட்கார வைத்தது ஆட்டத்தின் பெயர்கள் அல்ல, பெயருக்குப் பின்னால் எழுதியிருந்தவை. பையன்கள் ஆட்டத்தின் பெயரோடு நிறுத்திவிட்டார்கள். பெண்களால் நிறுத்த முடியவில்லை. "கபடி. ஆனா பசங்க சுத்தி நின்னு பாக்கக் கூடாது." "ஃபுட்பால். டிரவுசர் இல்லாம டிராக் பேண்ட்." "கிரிக்கெட், பேட்டிங் தந்தா." "பி.டி. டீச்சர் வந்தா எதுனாலும் ஆடுவேன்." "அந்த மூணு நாள் உக்காந்துக்கலாம்னா மத்த நாளெல்லாம் ஆடுறேன்." "பாத்ரூம்ல தண்ணி வரணும்." இந்தக் கடைசித் தாளை எந்த ஆய்வாளரிடம் கொடுத்தாலும் விளையாட்டுக் கணக்கில் சேர்க்க மாட்டார். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது, நல்ல விஷயம்தான். நாப்கினை மாற்றத் தண்ணீர் இருக்கிற இடமும் வேண்டும்; ஆடிவிட்டு வேர்வையோடு வருகிறவளுக்கு இன்னும் அவசியமாக வேண்டும்.

ஏன் இத்தனை பேருக்குக் கபடி என்று வகுப்பில் கேட்டேன். கார்த்திகா பெயரைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொன்னார்கள். வேலைக்கு ஒதுக்கீடு இருக்கிறது என்று ஒருத்தி விவரமாகச் சொன்னாள். செலவு இல்லை, பந்து மட்டை எதுவும் வேண்டாம் என்றாள் இன்னொருத்தி. அப்போது ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "கத்தலாம்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்தமாகச் சிரிக்காதே, வாசலில் நின்று பேசாதே, குரல் தெருவுக்குக் கேட்கக் கூடாது. இதைக் கேட்காமல் வளர்ந்த பெண் எங்கள் பக்கம் உண்டா? கபடியில் பாடிப் போகிறவள் வாயை மூடினால் அவுட். எதிரணிக்குப் புள்ளி. மூச்சு இருக்கிறவரை சத்தம் வர வேண்டும், அதுவும் நடுவருக்குக் கேட்கிற மாதிரி. எதிரே ஏழு பேர் கைகோத்து நிற்கிற இடத்துக்குள் ஒற்றை ஆளாகக் குரலோடு நுழைந்து, தொட்டு, திரும்பி வர வேண்டும். பிடித்தால் இழுக்கலாம், திமிறலாம், மண்ணில் புரளலாம். வளையப்பந்து, எறிபந்து, பூப்பந்து என்று பெண்களுக்கு நாம் கொடுத்து வைத்திருக்கிற ஆட்டங்களில் நடுவே ஒரு வலை இருக்கும். அவரவர் பக்கம் அவரவர், யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் இந்தப் பிள்ளைகள் வலையில்லாத ஆட்டத்தைக் கேட்டார்கள்.

என் காலத்தில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளில், தாவணி சீருடையாக இருந்த பள்ளியில் படித்தேன். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு பூப்பந்து ஆடுவோம். வயதுக்கு வந்து பதினாறு நாள் கழித்துப் பள்ளிக்குத் திரும்பியபோது என் கையில் மட்டைக்குப் பதிலாக ஸ்கோர் எழுதுகிற நோட்டு வந்திருந்தது. கொடுத்தது யார் என்றுகூட நினைவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். இரண்டு வருடம் மற்றவர்களின் புள்ளிகளை அழகாக எழுதினேன்.

தாள்களுக்குப் பிறகு பிள்ளைகள் விதிமுறைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஒருத்தி கணக்கோடு வந்தாள். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12, 8. ஆண்களுக்குப் பாதி ஆட்டம் 20 நிமிடம், பெண்களுக்கு 15. "நமக்கு மட்டும் ஏன் டீச்சர் சின்னக் கட்டம்?"

நல்ல கேள்வி. இந்தச் சுருக்கல் கபடியோடு நிற்பதில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்த பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. ஓட்டம் முடிந்து மூச்சு வாங்குகிற ஆணைப் பார்த்தால் வீரம் என்பார்கள், பெண்ணைப் பார்த்தால் ஆபத்து என்றார்கள். 800 மீட்டர் பெண்களுக்கு ஆகாது என்று எடுத்துவிட்டார்கள். அது திரும்ப வர 1960 ரோம் ஒலிம்பிக் வரை ஆனது. ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் வந்தது, பெண்கள் கபடி 2010இல். இருபது வருட இடைவெளியில் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு ஆடுகிற வயது முடிந்துபோயிருக்கும்.

அந்த 800 மீட்டரோடு எங்கள் மாவட்டத்துக்கு ஓர் உறவு உண்டு. கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் அதே ஓட்டத்தில்தான் வெள்ளி வென்றார். செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். முதலில் மூச்சு வாங்கினாள், அதனால் பெண் ஓடக் கூடாது என்றார்கள். பிறகு வேகமாக ஓடினாள், அதனால் பெண்ணே இல்லை என்றார்கள். சாந்தி பின்னாளில் அரசுப் பயிற்சியாளராகி இன்னும் பல பிள்ளைகளை ஓட வைத்தார். எங்கள் ஊர்த் தாய்மார்கள் அந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. "ஓடுன புள்ளைக்கு என்னா ஆச்சுன்னு பாத்தீகள்ல டீச்சர்" என்று முன்பாதியோடு முடித்துக்கொள்கிறார்கள்.

தாள்களை ஆசிரியர் கூட்டத்தில் வைத்தேன். தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பி.டி. சார் கெட்டவர் இல்லை. பள்ளி முழுவதற்கும் ஒரே ஆள், காலை வழிபாட்டு வரிசையிலிருந்து காலணி அளவெடுக்கிற வேலை வரை அவர் தலையில்தான் விழும். "புள்ளைக விழுந்து கைய ஒடிச்சா நான்தான் பதில் சொல்லணும். கபடியில தொட்டுச் சொல்லிக் குடுக்கணும். நான் எப்படி மேடம் தொடுறது?" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. பயிற்சி என்ற பெயரில் பெண்பிள்ளைகளிடம் கை நீட்டியவர்களைப் பற்றிய செய்திகளைப் பெற்றோர் படிக்காமலா இருக்கிறார்கள்? அவர்கள் பயம் வெறும் கற்பனை இல்லை. தப்புச் செய்கிறவன் மைதானத்தில் இருக்க, பெண்ணை மைதானத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் தீர்வு என்கிற இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் வியாழக்கிழமை கடைசிப் பீரியட், மைதானத்தின் கிழக்குப் பாதி, எட்டு ஒன்பது பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு என்று முடிவானது. பத்தாம் வகுப்பின் பீரியடைக் கணக்குக்குக் கேட்டார்கள், அறிவியலுக்குக் கேட்டார்கள். (தமிழுக்கு யாரும் பீரியட் கடன் கேட்பதில்லை. தமிழ் தானாக வந்துவிடுமாம்.) விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிள்ளைகளே தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றார்கள். சொல்லிக்கொடுக்க, பக்கத்து ஊரில் கல்லூரி அணிக்கு ஆடிவிட்டு இப்போது கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு பெண்ணை நான் தேடிப் பிடித்தேன். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அவர் களத்துக்குள் இறங்கினார்.

களம் என்று சொல்கிறேன். அது முதலில் சரளைக்கல். மழை விட்ட இரண்டு மாலைகளில் பிள்ளைகள் கல் பொறுக்கினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் சிலர் மண்வெட்டியோடு வந்து கொத்திவிட்டுப் போனார்கள். கோடு போடுகிற அன்று என் கேள்விக்காரி டேப்போடு நின்றாள். பெண்களுக்கான அளவில் போடவில்லை, 13க்கு 10 போட்டார்கள். குறுவட்டப் போட்டியில் சின்னக் களம்தான் இருக்கும், பழக்கம் மாறிவிடும் என்று அந்தப் பயிற்சியாளர் எச்சரித்தார். "பெருசுல ஆடிப் பழகுனா சின்னதுல ஈசிதானக்கா" என்றாள். எனக்கு அந்தக் கணக்குச் சரியா என்று தெரியாது, கேட்க நன்றாக இருந்தது.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று சொல்வதற்கில்லை. ஒரு அம்மா வந்து, "மொகத்துல காயம் பட்டா நாளைக்கு யாரு டீச்சர் கட்டிக்குவா?" என்று கேட்டார். அவரிடம் பேச முடிந்தது. இன்னொருவரின் கேள்வி வேறு. "யாரு யாரு கூட ஆடுறாக?" என்றார். வகுப்புப் பிள்ளைகள்தான் என்றேன். "அதத்தான் கேக்குறேன். எந்தெந்தத் தெரு?" கபடியில் தொட்டால்தான் ஆட்டம். ஒரே பெஞ்சில் உட்கார்வதைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு, கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பொறுக்க முடிவதில்லை. அரசாங்கப் பள்ளியில் தெருவாரியாக அணி கிடையாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் மகள் இன்றுவரை வியாழக்கிழமை மதியம் தலைவலி என்று வீட்டுக்குப் போகிறாள். போகும்போது மைதானம் வழியாகத்தான் போகிறாள், சுற்றுவழி என்றாலும்.

ஒரு தாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். "கபடி. அஞ்சாவது வரைக்கும் நான்தான் ஃபர்ஸ்ட் ரெய்டு." பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து தெரியும். எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்தவள். அதன்பிறகு தெருவில் ஆடியதில்லை. முதல் வியாழக்கிழமை அவள் பாடிப் போனதைப் பார்த்து அந்தப் பயிற்சியாளர் குழந்தையை வாங்க மறந்து நின்றார். அவள் அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார், பத்தாவது முடிகிற வரைக்கும். எங்கள் பள்ளி பத்தோடு முடிகிறது. மேல்நிலைப் பள்ளிக்கு பஸ் ஏற வேண்டும். அனுப்புவார்களா, தையல் மிஷினில் உட்கார வைப்பார்களா என்பது முடிவாகவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு வருடமும் சில வியாழக்கிழமைகளும் இருக்கின்றன.

கிராம ஊராட்சிகளுக்கு 2024 முதல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்திருக்கிறார்கள். கிரிக்கெட் மட்டை, பந்துகள் எல்லாம் அதில் உண்டு. எங்கள் ஊரிலும் வந்திருக்கிறது என்று இவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். பள்ளி முடிந்தாலும் ஊரில் ஆடலாமே என்பது அவள் கணக்கு. ஜனவரியில் ஒருநாள் ஐந்து பேர், துணைக்கு நான், ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். கையெழுத்துப் போட்டுப் பொருளை வாங்குகிற நோட்டைக் காட்டினார்கள். பக்கம் பக்கமாகப் பையன்களின் கையெழுத்து. "கபடிக்குத்தான் ஒண்ணும் வேண்டாமேம்மா" என்றார் அங்கிருந்தவர். அவரைக் குறை சொல்லவும் முடியாது, இதற்குமுன் எந்தப் பெண்ணும் வந்து நின்றதில்லை.

"அப்ப ஃபுட்பால் குடுங்க" என்றாள் கூட வந்தவர்களில் ஒருத்தி.

அறையைத் திறந்து தேடி எடுத்துக்கொடுத்தார். அமுக்கிப் பார்த்தாள், காற்று இல்லை. பம்ப் எங்கே என்று கேட்டதற்கு, யாரோ வாங்கிப் போய்த் திருப்பவில்லை என்றார். அவள் நோட்டில் கையெழுத்துப் போட்டு, எதிரே தேதியும் நேரமும் எழுதிவிட்டு, பந்தைத் தாவணி மாதிரி சுடிதார் ஷாலில் சுற்றிக்கொண்டாள். சைக்கிள் கடை பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாலை நேரத்தில் அங்கே எப்போதும் பையன்கள் கூட்டம். ஐந்து பேரும் அந்தப் பக்கம் நடந்தார்கள்.